பழைய வீட்டுக் கூரை வேலை: ஆள் நாட்கூலிக்கு, பொருள் நம்முடையது. கணக்கை எப்படிக் கையில் வைத்திருப்பது?

பொதிகைக்காற்று | 12 ஆகஸ்ட்

பாளையங்கோட்டையில் அப்பாவின் வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கலைக் குத்துவாட்டில் சாய்கோணமாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, அதன் மேல் செங்கல் ஜல்லி, அதற்கு மேல் தட்டோடு பதித்தது. முன் கூடத்திலும் பின்கட்டிலும் ஒழுகுகிறது. கூடத்தில் ஒரு கட்டையின் முனை சுவருக்குள்ளேயே உளுத்துவிட்டது.

மூன்று பேரை அழைத்துக் காட்டினேன். இருவர் மொத்தமாகப் பேச மறுத்துவிட்டார்கள். "பிரித்துப் பார்க்காமல் தொகை சொன்னால் ஒன்று நான் அழிவேன், இல்லை நீங்கள் அழிவீர்கள்" என்றார் ஒருவர். மூன்றாமவர் சொன்ன தொகைக்குப் புதுக் கான்கிரீட் கூரையே போட்டுவிடலாம். ஆகவே நாட்கூலிக்கு ஒப்புக்கொண்டேன். பொருள் நான் வாங்கிப் போடுகிறேன், மேஸ்திரி ஆள் கொண்டுவருகிறார். கொத்தனாருக்கு 1,100 ரூபாய், கையாளுக்கு 900, சித்தாளுக்கு 650. சனிக்கிழமை மாலை சம்பளம்.

நான் ஓசூரில் வேலை செய்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் ஊருக்குப் போக முடிகிறது. அங்கே 74 வயது அப்பா மட்டும்தான். முதல் வாரம் தினமும் ஆறு பேர், இரண்டாம் வாரம் எட்டுப் பேர். மொத்தம் 84 ஆள்நாள், 75,600 ரூபாய் கொடுத்தாகிவிட்டது. கூடத்தின் மேல் 384 சதுர அடித் தட்டோடும் ஜல்லியும் பெயர்த்து இறக்கி, உள்பக்கப் பூச்சைக் கொத்தியதோடு சரி. போன புதன்கிழமை சுண்ணாம்பு வராமல் மதியம் இரண்டு மணி வரை எட்டுப் பேரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா முழு நாள் கூலி கொடுத்துவிட்டார்.

அந்த நாளுக்கு அரைக் கூலி பிடிக்கலாமா? நாட்கூலிக்கு ஒப்புக்கொண்டதே தவறா? இப்படி வேலை வாங்கி அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஆற்றுமணல் | 12 ஆகஸ்ட்

உடனே நிறுத்துங்கள். என் அண்ணன் வீட்டில் நாட்கூலிக்கு விட்டுப் பட்டது போதும். நாள் கூடக் கூட அவர்களுக்கு வருமானம் கூடுகிறது என்றால் வேலை எப்படி முடியும்? சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள். கூலியும் பொருளும் சேர்த்து அவர் தலையில் போய்விட்டால் நீங்கள் ஓசூரில் நிம்மதியாக இருக்கலாம்.


மூலைமட்டம் | 13 ஆகஸ்ட்

பொதுப்பணித் துறையில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். ஆற்றுமணல் சொல்வதைப் புது வீட்டுக்கு ஏற்றுக்கொள்கிறேன். இந்த வீட்டுக்கு ஏற்க மாட்டேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத வேலையை மொத்தத்துக்குக் கொடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பயத்துக்கும் சேர்த்து விலை வைப்பார். அது உங்களுக்கு ஏற்கெனவே நடந்துவிட்டது. அல்லது குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டு, பிரித்த இடத்தில் எதிர்பாராத கேடு தெரிந்தால் மூடிவிடுவார். இரண்டாவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு பழைய கட்டடத்தில் உளுத்த கட்டை முனையைச் சுற்றிச் செங்கல் துண்டும் சிமெண்டும் திணித்து, மேலே பூசி வெள்ளையடித்திருந்தார்கள். கைவிரலால் அழுத்தியபோது பூச்சு உள்ளே போனது. அந்த அறையில் பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே அறையைப் பூட்டினோம்.

நாட்கூலியில் அந்தக் கொத்தனாருக்கு மறைக்க வேண்டிய தேவையே இல்லை. உளுத்தது தெரிந்தால் சொல்வார், ஏனென்றால் சொல்வதால் அவருக்கு நட்டமில்லை. உங்கள் கூரைக்கு அதுதான் வேண்டும். நீங்கள் செய்த தவறு ஒன்றே ஒன்று. நேரத்தை விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள், வாங்கிய நேரத்தை எழுதி வைக்கவில்லை.

எங்கள் துறையில் நாட்கூலி ஆட்களுக்கு மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேடு உண்டு, முடிந்த வேலையின் அளவை எழுத எம் புக் என்ற அளவுப் புத்தகம் உண்டு. எம் புக்கில் பக்க எண் அச்சிட்டிருக்கும், தாளைக் கிழிக்கக் கூடாது, எழுதியதைச் சுரண்டக் கூடாது. தவறென்றால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். 100 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், எந்த இடத்தில் என்ன வேலை, எவ்வளவு நீளம் அகலம் முடிந்தது, எந்தப் பொருள் எவ்வளவு செலவானது. வேலை நின்றிருந்தால் எவ்வளவு நேரம், எதற்காக. கடைசி வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

மாலையில் கைகால் கழுவி அவர்கள் கிளம்புவதற்கு முன் மேஸ்திரியும் உங்கள் அப்பாவும் அதே பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் அது கணக்கு ஆகாது, ஞாபகம்தான் ஆகும். சனிக்கிழமை சம்பளம் அந்த ஆறு பக்கங்களைக் கூட்டித்தான் போட வேண்டும்.


குறிஞ்சிமகள் | 13 ஆகஸ்ட்

புதன்கிழமையைப் பற்றி மட்டும் சொல்ல வந்தேன். என் அம்மா இருபது ஆண்டுக்கு மேல் சித்தாள் வேலை பார்த்தவர். விடிவதற்கு முன் சமைத்து வைத்துவிட்டு, தூக்குச் சட்டியோடு கிளம்பி ஏழு மணிக்கு முக்கில் போய் நிற்பார். ஒரு வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு வேறு யார் கூப்பிட்டாலும் போக முடியாது. அங்கே போன பிறகு லோடு வரவில்லை, மழை, வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்று அரை நாளோடு திருப்பி அனுப்புவார்கள். பஸ் காசு மட்டும் முழுக் காசு. அந்த நாள்களில் அம்மா வீட்டுக்கு வந்ததும் யாரோடும் பேச மாட்டார்.

சுண்ணாம்பை வாங்கிப் போட வேண்டியது யார்? நீங்கள்தானே. அப்படியானால் அந்த எட்டுப் பேரும் அவர்கள் விற்ற நேரத்தைக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் அப்பா சரியாகத்தான் செய்திருக்கிறார்.


பொதிகைக்காற்று | 13 ஆகஸ்ட்

குறிஞ்சிமகள், நீங்கள் சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. சுண்ணாம்புக்கு நான் செவ்வாய் இரவுதான் போன் செய்தேன். அரைக் கூலி பற்றிய கேள்வியை எடுத்துவிடுகிறேன்.

ஆனால் இரண்டாம் வாரம் எதற்காக மூன்றாவது கொத்தனாரும் மூன்றாவது கையாளும் வந்தார்கள் என்பது இன்னும் புரியவில்லை. அப்பாவிடம் கேட்டால், "மேஸ்திரி கூட்டி வந்தார், போகச் சொல்ல மனசில்லை" என்கிறார்.


கரண்டிக்காரன் | 14 ஆகஸ்ட்

நான் மேஸ்திரி. 22 வருடமாகத் தென்காசிப் பக்கம் வேலை எடுத்துச் செய்கிறேன். இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

நாட்கூலி வேலையில் பெரும்பாலும் மேஸ்திரிக்குத் தலைக்கு இவ்வளவு என்று நிற்கும். கொத்தனாருக்கு 1,100 வாங்கி 1,050 கொடுப்பார், அந்த 50 அவருக்கு. அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆள் தேடுவதும், வராத ஆளுக்கு மாற்று ஆள் பிடிப்பதும், முன்பணம் கொடுத்து வைப்பதும் அவர்தான். அதற்கு அவருக்குக் கூலி வேண்டாமா? ஆனால் கூலி தலைக்கணக்கில் இருந்தால் தலை கூடத்தான் செய்யும். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை.

அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். "ஆள் எத்தனை வந்தாலும் உங்களுக்கு வாரத்துக்கு இவ்வளவு, அவர்கள் கூலி நேராக அவர்கள் கையில்" என்று சொல்லுங்கள். தொகையைக் குறைக்கப் பார்க்காதீர்கள், அவருக்கு இப்போது கிடைப்பதைவிட ஒரு கை கூடவே இருக்கட்டும். அடுத்த வாரம் எத்தனை பேர், யார் யார் என்பதைச் சனிக்கிழமையே முடிவு செய்துவிட வேண்டும். இடையில் கூட ஓர் ஆள் தேவை என்றால் காலையில் உங்களுக்கு ஒரு போன்.

இடிபொருளை எப்படி இறக்குகிறார்கள்? சட்டியில் அள்ளித் தலையில் வைத்துப் படிவழியே என்றால் பாதி ஆள்நாள் அந்தப் படியில்தான் போகிறது. பழைய தகரத்தை மடித்துச் சுவரோரமாகச் சரிவு கட்டச் சொல்லுங்கள். தண்ணீர் தெளித்துத் தள்ளினால் புழுதியும் குறையும். கீழே கயிறு கட்டி ஆள் போகாமல் தடுக்க வேண்டும். அந்த மெல்லிய கூரைக் கற்களை மட்டும் சரிவில் விடக் கூடாது. கையால் இறக்கி, எண்ணி, அடுக்கி வையுங்கள். இன்று அந்த அளவில் கல் வாங்குவது எளிதில்லை.

இன்னொன்று. கட்டைகளுக்கு அடியில் முட்டு கொடுத்தார்களா? முட்டுக் கொடுக்காமல் மேலே எட்டுப் பேர் நிற்பதும், பெயர்த்த ஜல்லியை அங்கேயே குவிப்பதும் கூடாது. பெயர்க்கப் பெயர்க்க இறக்கிவிட வேண்டும். இதற்கு ஒரு நாள் கூடுதலாகப் போனாலும் போகட்டும்.


பொதிகைக்காற்று | 14 ஆகஸ்ட்

தலையில் சுமந்து படிவழியேதான் இறக்கினார்களாம். முட்டு நான்கு இடத்தில் இருக்கிறது, இன்னும் கொடுக்கச் சொல்லிவிட்டேன். தொகைப் பேச்சுக்கு வெள்ளி இரவே ஊருக்குக் கிளம்புகிறேன்.


எடைச்சீட்டு | 15 ஆகஸ்ட்

ஆள் கணக்கைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். நான் கட்டுமான இடங்களில் பொருள் கணக்குப் பார்க்கிறவன். கூலியில் போவதைவிடச் சத்தமில்லாமல் பொருளில் போகும்.

எம்-சாண்ட் லாரி வந்தால் கொட்டுவதற்கு முன் அளக்க வேண்டும். கொட்டிய குவியலை யாராலும் அளக்க முடியாது. பெட்டியின் உள்நீளம், உள்அகலம் டேப்பில் எடுங்கள். உயரத்துக்கு மட்டும் ஒரு கம்பியை மணலில் ஐந்து இடத்தில், நான்கு மூலையிலும் நடுவிலும், அடித்தகடு வரை குத்திப் பார்த்துச் சராசரி எடுங்கள். 14 அடிக்கு 7 அடிப் பெட்டியில் 3 அடி உயரம் என்றால் 294 கன அடி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஆக மூன்று யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அதே பெட்டியில் உயரம் இரண்டே முக்கால் அடி என்றால் 270 கன அடிக்கும் கீழே போய்விடும். மூன்று அங்குலத்தில் கால் யூனிட். மேலே கூம்பாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஓரத்தில் பள்ளமாக இருக்கும். மணல் ஈரமாக வந்தால் கன அளவு பொய் சொல்லும். லேசான ஈரத்தில் உப்பி, கால் பங்கு வரை கூடுதலாகக் காட்டும். முடிந்தால் எடைமேடைச் சீட்டோடு வாங்குங்கள்.

சிமெண்டுக்கு ஒரே வழி, காலிப் பைகளை எண்ணி அடுக்கி வைப்பது. உள்பூச்சு 1:4 கலவையில் 12 மில்லிமீட்டர் கனத்துக்கு 100 சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை போகும். ஒன்றரை மூட்டை போயிருக்கிறது என்றால் மூட்டை காணாமல் போயிருக்க வேண்டும் என்பதில்லை; சுவர் கோணலாக இருந்து கனமாகப் பூசியிருக்கலாம். பழைய சுவரில் அது சகஜம். யாரையும் சந்தேகிக்கும் முன் தூக்குக் குண்டு விட்டுப் பாருங்கள்.

கடைச் சீட்டு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், பணம் நீங்களே நேராகக் கடைக்கு அனுப்ப வேண்டும். மேஸ்திரி கையில் பொருளுக்குப் பணம் கொடுத்தால் கூலிக் கணக்கும் பொருள் கணக்கும் கலந்து, கடைசியில் இரண்டுமே தெரியாமல் போகும்.


வைகைக்கரை | 15 ஆகஸ்ட்

நடுவே ஒரு கேள்வி. திண்டுக்கல்லில் புது வீடு, கான்கிரீட் தளம் போடப் போகிறேன். நானும் இதே முறையில் நாட்கூலிக்குப் போகலாமா?


மூலைமட்டம் | 16 ஆகஸ்ட்

வைகைக்கரை, வேண்டாம். உங்களுக்கு வரைபடம் இருக்கிறது, அளவு தெரியும். சதுர அடிக்குக் கூலி பேசுங்கள். ஒன்றை மட்டும் எழுதி வாங்குங்கள். சென்ட்ரிங் தகடும் முட்டும் வாடகை. நாளுக்கு நாள் வாடகை ஏறுவதால் சீக்கிரம் பிரிக்கத்தான் பார்ப்பார்கள். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 கணக்குப்படி சாதாரண சிமெண்டில் நாலரை மீட்டர் வரையிலான தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேற்பட்ட அகலத்துக்கு 14 நாள். ஆறு மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21. அந்த வாடகையை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிட்டால் பிரிக்கும் அவசரம் வராது.

பொதிகைக்காற்றுக்கு ஒரு யோசனை. கூடம் முடிந்ததும் அந்த நோட்டை வைத்து 100 சதுர அடிக்கு எத்தனை ஆள்நாள் ஆனது என்று போடுங்கள். பின்கட்டுக்கு அதுவே உங்கள் அளவுகோல். அதைத் தாண்டப் போகிறது என்று தெரிந்த அன்றே வேலையை நிறுத்திப் பேசுவது என்று மேஸ்திரியோடு ஒப்புக்கொள்ளுங்கள்.


ஆற்றுமணல் | 16 ஆகஸ்ட்

இவ்வளவு எழுத்து வேலையை 74 வயதுப் பெரியவர் மேல் வைப்பது நியாயமா? அதற்குத்தான் மொத்தத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். பிரித்துப் பார்த்தாகிவிட்டதே, இனி என்ன மறைவு?


கரண்டிக்காரன் | 17 ஆகஸ்ட்

பிரித்தது வரை சரி. இனி உள்பூச்சு, சன்னல் வேலை, வெள்ளையடிப்பு எல்லாம் அளவுக்கூலிக்கு விடலாம், நானே அப்படித்தான் செய்வேன். கூரையை மட்டும் விடக் கூடாது. காரணம் சொல்கிறேன்.

செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து பரப்பிய பிறகு மரப்பலகையால் அடிக்க வேண்டும். சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். நாள்கணக்கில் அடிக்க வேண்டும். முதல் நாள் அடிக்கும்போது பொத் பொத்தென்று சத்தம் வரும், பலகை பதியும். இறுகிவிட்டால் பலகை துள்ளும், சத்தம் கணீரென்று மாறும். அதுவரை நிறுத்தக் கூடாது. அளவுக்கூலிக்கு விட்டால் இரண்டாம் நாள் மதியமே தட்டோடு பதிக்க வந்துவிடுவார்கள். மேலே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. கார்த்திகையில் உங்கள் அப்பாவின் கட்டிலுக்கு மேலே சொட்டும்.

சுண்ணாம்பு முன்கூட்டியே வர வேண்டும். நீற்றி, சலித்து, ஊறவிட நாள் வேண்டும். வியாழக்கிழமை மாலை மேஸ்திரியிடம் அடுத்த வாரப் பொருள் பட்டியல் வாங்குங்கள், வெள்ளிக்கிழமை ஆர்டர், திங்கள் காலை பொருள் வாசலில். திண்ணையில் ஆள் உட்காரும் கதை அதோடு தீரும்.

ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேட்டு வையுங்கள். 1994-இலிருந்து வாரியம் இருக்கிறது, விபத்துக்கு உதவித்தொகை உண்டு. அட்டையைப் புதுப்பிக்காமலே விட்டிருப்பவர்கள் நிறையப் பேர். என் ஆட்களில் இரண்டு பேருக்கு ஒரு வீட்டுக்காரர்தான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அந்த வீட்டு வேலைக்கு அவர்கள் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.


பொதிகைக்காற்று | 20 செப்டம்பர்

ஒரு மாதம் எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மேஸ்திரி தலைக்கணக்கை விட்டு வாரத் தொகைக்கு ஒப்புக்கொண்டார். முதலில் முகம் சுளித்தார். தொகையைச் சொன்ன பிறகு, "இதை முதல் நாளே பேசியிருக்கலாமே தம்பி" என்றார். மூன்றாவது கொத்தனார் அடுத்த திங்களிலிருந்து வரவில்லை.

நோட்டு எழுதுவது சிரமம் என்று நான்தான் நினைத்தேன். அப்பா தமிழாசிரியராக இருந்தவர். மாலை ஐந்தரைக்கு நாற்காலியை முற்றத்தில் போட்டு, டேப்பின் ஒரு முனையை ஒரு சித்தாள் பிடிக்க, அவரே அளந்து எழுதுகிறார். தினமும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறார். ஒரு பக்கம் அப்படியே:

"வியாழன். கொத்தனார் இருவர், 8.40 முதல் 5.30 வரை. கையாள் இருவர், அதே நேரம். சித்தாள் மூவர், ஒருவர் 9.15-க்கு வந்தார், பிள்ளைக்குக் காய்ச்சல். கிழக்குச் சுவரோரம் மூன்றாம் கட்டை முனை பார்த்தோம், உள்ளங்கை அகலத்துக்கு உளுத்துள்ளது, மாற்ற வேண்டும். கல் பாவியது 9 அடிக்கு 6 அடி. சுண்ணாம்பு 3 மூட்டை. மின்சாரம் இல்லாததால் 11.10 முதல் 11.50 வரை கட்டை அறுப்பு நின்றது."

கூடத்தில் உளுத்தது ஒரு கட்டை என்று நினைத்தோம். மூன்று. மூன்றையும் கொத்தனார்களே அப்பாவை ஏணியில் இரண்டு படி ஏற்றிக் காட்டினார்கள். மூலைமட்டம் ஐயா சொன்ன அந்தப் பள்ளி அறையை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரத்துக்கு வேலை நின்ற நேரம் எதுவும் எழுதப்படவில்லை, ஆகவே ஒப்பீடு முழுமையாகாது. ஆனாலும் சொல்கிறேன். கூடத்தில் 384 சதுர அடியைப் பெயர்த்து இறக்க 84 ஆள்நாள் ஆனது, 100 சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 22. பின்கட்டில் தகரச் சரிவு கட்டிய பிறகு 320 சதுர அடிக்கு 38 ஆள்நாள், 100-க்கு 12. அதே ஆட்கள், அதே கூலி. பின்கட்டுக்கான 38 ஆள்நாளில் நின்ற நேரம் மொத்தம் ஏழரை மணி என்று நோட்டு சொல்கிறது. அதில் ஐந்து மணி நான் பணம் அனுப்பத் தாமதித்ததால் ஜல்லி லோடு வராமல் போனது. அதற்குக் கூலி பிடிக்கவில்லை.

பூச்சை அளவுக்கூலிக்கு மாற்றிவிட்டோம். கூரை நாட்கூலியிலேயே தொடர்கிறது. கூடத்தின் மேல் ஐந்து சித்தாள்கள் நான்காம் நாளாக அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நேற்று அப்பா போனைப் பலகைக்கு அருகே கொண்டுபோய்ச் சத்தத்தைக் கேட்கவைத்தார்.


குறிஞ்சிமகள் | 20 செப்டம்பர்

9.15-க்கு வந்த அந்த அம்மாவுக்கு அன்று கூலி எவ்வளவு போட்டீர்கள்?


பொதிகைக்காற்று | 20 செப்டம்பர்

முழு நாள். அப்பா பக்கத்தின் ஓரத்தில் "மாலை ஆறு வரை இருந்தார்" என்று எழுதியிருக்கிறார்.


கரண்டிக்காரன் | 21 செப்டம்பர்

சத்தம் எப்படி இருந்தது என்று எழுதவில்லையே. இன்னும் பொத்தென்று கேட்டால் இரண்டு நாள் கூட ஆகும், நிறுத்தச் சொல்லாதீர்கள். அதற்குள் தட்டோட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி பிறக்க நான்கு வாரம்கூட முழுதாக இல்லை. பதித்த பிறகு சந்து பூசி அது காயவும் வேண்டும். கூடத்துக்கும் பின்கட்டுக்கும் சேர்த்து ஒரே லோடாக வாங்குங்கள், உடைசலுக்கு நூற்றுக்குப் பத்து கூடுதலாகச் சொல்லுங்கள். இறக்கும்போது அப்பாவை நாற்காலியில் உட்கார்ந்து எண்ணச் சொல்லுங்கள்.